ஓடுபாதையும் உதைபந்துத் திடலும்

ஒரு கட்டடம் எந்த நோக்கத்துக்காக எழுப்பப்பட்டதோ, அந்த நோக்கத்துக்கே என்றென்றும் பயன்படும் என்று சொல்வதற்கில்லை. அரண்மனை அரும்பொருட்சாலையாவதும், பண்டகசாலை பள்ளிக்கூடமாவதும் உலக வழக்கு. உடையவர் தம் கைப்பொருளைச் செலவிட்டு அவ்வாறு மாற்றுவாராயின், அது அவரவர் விருப்பம். ஆனால், பொதுமக்களின் பணத்தால் ஒரு தேவைக்கெனக் கட்டப்பட்ட ஒன்று, பின்னர் வேறொரு தேவைக்கு, அதுவும் இலாபம் தேடும் தனியார் நிறுவனம் ஒன்றின் தேவைக்கு மாற்றப்படும்பொழுது மூன்று வினாக்கள் எழுகின்றன. மாற்றும் செலவை ஏற்பவர் யார்? முன்னர் ஊரறியக் கொடுத்த வாக்கு என்னாவது? செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்த மக்கள் அறிய வேண்டாமா?

இம்மூன்று வினாக்களையும் ஒருசேர எழுப்பிய கட்டடம் ஒன்று கிழக்கு இலண்டனில் ஸ்ராற்போட் என்னுமிடத்தில் இருக்கின்றது. 2012ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விழாவுக்காக மெய்வல்லுநர் அரங்காக எழுப்பப்பெற்று, 2016ஆம் ஆண்டில் வெஸ்ற் ஹாம் யுனைற்றெட் என்னும் உதைபந்தாட்டக் கழகத்தின் இல்லமாக மாறிய அரங்கே அது. அதன் வரலாற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிதல் வேண்டும். ஓட்டப் போட்டியும் உதைபந்தாட்டமும் ஒரே மைதானத்தில் நடைபெற முடியாதா? நம் நாட்டுப் பாடசாலைகளில் நாள்தோறும் நடைபெறுகின்றனவே! இல்ல மெய்வல்லுநர் போட்டி அணுகியதும் உதைபந்துத் திடலைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு இழுக்கின்றோம். போட்டி முடிந்து ஒரு மழை பெய்தால் கோடு மறைந்துவிடுகின்றது. பிள்ளைகள் மீண்டும் பந்தை உதைக்கின்றனர். இங்கே இடர்ப்பாடு எதுவும் இல்லை. ஏனெனில், நம் மைதானங்களிற் பார்வையாளர் நிற்பவர். ஆட்டத்தை நோக்கி நாலடி முன்னே வருவதும் பின்னே போவதும் அவர்கட்கு எளிது. நிலையான இருக்கைகள் அமைந்த பெரிய அரங்கிலேதான் தொல்லை தொடங்குகின்றது.

அதனை எண்களாற் காண்போம். நானூறு மீற்றர் ஓடுபாதை என்பது ஒவ்வொன்றும் 84 மீற்றருக்குச் சற்றே கூடிய இரு நேர்ப்பகுதிகளையும், 36.5 மீற்றர் ஆரையுடைய இரு அரைவட்டங்களையும் கொண்டது. எனவே, பாதையின் உள்ளே அடங்கும் நிலம் 73 மீற்றர் அகலமும், ஏறக்குறைய 157 மீற்றர் நீளமும் உடையது. சர்வதேச உதைபந்துத் திடலோ 68 மீற்றர் அகலமும் 105 மீற்றர் நீளமும் கொண்டது. அகலத்திற் பொருத்தம் நன்றாகவே இருக்கின்றது. பக்கத்துக்கு இரண்டரை மீற்றரே மிஞ்சும். நீளத்திலோ கோற்கம்பங்களின் பின்னால், முனைக்கு 26 மீற்றர் வெறுநிலம் கிடக்கும். அதன்பின் எட்டு ஓட்டநிரைகள், ஒவ்வொன்றும் 1.22 மீற்றராக, மேலும் பத்து மீற்றர் இடத்தைக் கொள்ளும். ஆகவே, கோலின் பின்னாலுள்ள முதல் வரிசையில் இருப்பவரும் ஆட்டத்துக்கு 36 மீற்றருக்கு அப்பாலேதான் இருப்பார். உதைபந்தாட்டத்தை விரும்புவோர் ஆட்டக்காரரின் மூச்சுக் கேட்கும் தூரத்தில் இருக்க விழைபவர். அவர்களுக்கு இந்த இடைவெளி பெருங்குறை. அதனாலேதான், உதைபந்துக் கழகம் ஒன்று அரங்கினுள் நுழையும்பொழுது, ஓடுபாதை வெளியேற வேண்டும், அல்லது இருக்கைகள் நகர வேண்டும் என்னும் நிலை உண்டாகின்றது.

அப்படியானால் மெய்வல்லுநர் அரங்கை மெய்வல்லுநருக்கே விட்டுவிடலாகாதா? விடலாம், ஆனால் பராமரிப்புச் செலவை யாரேனும் ஏற்க வேண்டும். பல்லாயிரம் பேரைத் திரட்டும் ஓட்டப் போட்டிகள் ஆண்டில் ஒரு சில நாட்களே நடைபெறுகின்றன. உதைபந்துக் கழகமோ ஆண்டில் இருபது முதல் முப்பது நாட்கள் அரங்கை நிரப்புகின்றது. ஆண்டுக்கொரு முறை வெளிவரும் தேருக்குக் கொட்டகை கட்டுவது போன்றதன்று பேரரங்கைப் பேணுவது. புற்றரை, விளக்குகள், காவல், பழுதுபார்ப்பு என்று செலவு ஆண்டு முழுவதும் ஓயாது. ஆதலால் உதைபந்துக் கழகத்தை நாடுவது பிழையென்று யாரும் சொல்லார். எப்பொழுது நாடுவது, எந்த நிபந்தனையின்மேல் நாடுவது என்பவையே கேள்வி.

இலண்டனின் கதையை விளங்குவதற்கு, அதற்கு முன் நடந்த ஒன்றையும் அறிதல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் உலக மெய்வல்லுநர் போட்டியை நடத்தும் உரிமை இலண்டனுக்கு வழங்கப்பட்டிருந்தது. பிக்கற்ஸ் லொக் என்னுமிடத்தில் அதற்கென ஓர் அரங்கு கட்டுவதாகவும் திட்டமிருந்தது. செலவு மிகும் எனக் கண்ட பிரித்தானிய அரசாங்கம் 2001ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டது. போட்டி ஹெல்சிங்கிக்குப் போயிற்று. கொடுத்த வாக்கைக் காக்காத நாடு என்னும் பழி நின்றது. ஆகவே, 2005ஆம் ஆண்டு யூலை 6ஆந் திகதி சிங்கப்பூரில் ஒலிம்பிக் விழாவை வேண்டி நின்றபொழுது, விழாவின் பின்னும் அரங்கு மெய்வல்லுநர்க்கே உரியதாக நிலைக்கும் என்று இலண்டன் வாக்களித்தது. அக்குழுவின் தலைவர், முன்னாள் ஓட்டவீரர் செபஸ்ரியன் கோ. விழா இலண்டனுக்குக் கிடைத்தது.

வாக்குக்கு ஏற்பவே அரங்கும் வரையப்பட்டது. எண்பதினாயிரம் இருக்கைகளில் இருபத்தையாயிரம் நிலையானவை. மேலடுக்கிலிருந்த ஐம்பத்தையாயிரமும் விழா முடிந்ததும் கழற்றப்படுவதற்கென அமைந்தவை. கூரையும் இலேசானது, பார்வையாளரில் மூன்றில் இரு பங்கினரையே அது மூடியது. சிறிய மெய்வல்லுநர் அரங்கொன்று எஞ்சும் என்பதே எண்ணம். உதைபந்துக் கழகம் ஒன்றை முதலிலேயே சேர்த்துக்கொள்ளலாமா என்னும் பேச்சு இடையில் எழுந்ததுண்டு. அது கைவிடப்பட்டு, 2008ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. கட்டடத்துக்கு ஏறக்குறைய 43 கோடி பவுண் செலவாயிற்று.

ஆனால், விழாவுக்கு முன்னரே அதிகாரிகளின் மனம் மாறிவிட்டது. இருபத்தையாயிரம் பேருக்கான மெய்வல்லுநர் அரங்கு தன் செலவைத் தானே ஈட்டாது என்பது புலனாயிற்று. 2010ஆம் ஆண்டில் அரங்கை ஏற்பாரைத் தேடினர். இரு உதைபந்துக் கழகங்கள் முன்வந்தன. ரொட்டன்ஹாம் கழகம் அரங்கின் பெரும்பகுதியை இடித்துவிட்டு, ஓடுபாதை இல்லாத புதிய திடலைக் கட்டுவதாகவும், ஈடாகக் கிறிஸ்ரல் பலஸ் மெய்வல்லுநர் அரங்கைப் புதுப்பித்துத் தருவதாகவும் கூறியது. வெஸ்ற் ஹாம் கழகம் ஓடுபாதையைக் காப்பதாகக் கூறியது. வாக்கு மீறலாகாது என்னும் எண்ணம் வென்றது. 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெஸ்ற் ஹாம் தெரிவு செய்யப்பட்டது. எனினும், போட்டிக் கழகங்கள் வழக்குத் தொடுத்தன. ஐரோப்பிய ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு சென்றது. அவ்வாண்டு ஒக்ரோபரில் ஒப்பந்தம் முறிந்தது. அரங்கு பொதுவுடைமையாகவே இருக்கும், கழகம் குத்தகைக்காரனாக மட்டும் வரும் என்று திட்டம் திருத்தப்பட்டது. அடுத்த மாதமே, 2017ஆம் ஆண்டின் உலக மெய்வல்லுநர் போட்டியை இலண்டன் பெற்றுக்கொண்டது. இனி ஓடுபாதையை அகற்றுவதற்கும் வழியில்லை. உதைபந்தை விலக்குவதற்கும் வழியில்லை.

நேயர்களே, பேரம் பேசுவோர் நிலையை இங்கே கவனியுங்கள். அரங்கு கட்டி முடிந்துவிட்டது. வெறுமையாகக் கிடந்தால் அவமானம். ஏற்பதற்குத் தகுதியான கழகம் ஏறக்குறைய ஒன்றே. விற்பவனுக்கு அவசரமும், வாங்குபவனுக்கு அவகாசமும் இருக்குமிடத்தில் விலை எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சந்தைக்குப் போய்வந்த எவரும் அறிவர்.

2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் முடிவாயிற்று. தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை. மாற்றும் வேலைக்குக் கழகத்தின் பங்கு ஒன்றரைக் கோடி பவுண். ஆண்டு வாடகை 25 இலட்சம் பவுண். கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் வாடகை பாதி. வேலை தொடங்கிய பின்னரே அதன் பாரம் தெரிந்தது. இலேசான கூரையைக் கழற்றி, இருக்கைகள் அனைத்தையும் மூடும் மாபெருங் கூரை அமைக்க வேண்டியிருந்தது. அதைத் தாங்கும்படி முன்னைய உருக்குச் சட்டகத்தையும் வலுப்படுத்த வேண்டியிருந்தது. பதினான்கு விளக்குக் கோபுரங்களையும் கழற்றி, விளக்குகளைப் புதிய கூரையிலே தொங்கவிட்டனர். கீழடுக்கில் ஏறக்குறைய 21,000 இருக்கைகளை ஓடுபாதைக்கு மேலாக முன்னகர்த்தும்படி மாற்றினர். கழற்றுவதற்கெனக் கட்டியதை நிலைநிறுத்துவது புதிதாய்க் கட்டுவதை ஒத்த வேலையாயிற்று. மாற்றத்தின் செலவு 32 கோடி பவுணைத் தாண்டியது. ஆக மொத்தம் 75 கோடி. மாற்றச் செலவில் கழகம் கொடுத்த பங்கு இருபதில் ஒன்றுக்கும் குறைவு. எஞ்சியதைப் பொதுப்பணமே சுமந்தது.

அரங்கு அமைந்திருக்கும் நியூஹாம், இலண்டனின் வறிய பகுதிகளுள் ஒன்று. அதனுள் அடங்கும் ஈஸ்ற் ஹாம் நகரில் நம்மவர் பலர் குடியேறி, கடையும் கோயிலும் அமைத்து வாழ்கின்றனர் என்பது நேயர்கள் அறிந்ததே. 1904ஆம் ஆண்டு முதல் வெஸ்ற் ஹாம் கழகம் ஆடிவந்த பழைய திடலும் அவ்வூரிலேதான் இருந்தது. அந்த நியூஹாம் சபையும் இத்திட்டத்தில் நான்கு கோடி பவுண் முதலிட்டது. பணம் திரும்பாமலே பின்னர் பங்காண்மையிலிருந்து விலகிற்று. அச்சபைக்கு வரி கட்டும் நம் உறவினரும் உதைபந்தைப் பாராதிருந்தாலும் அதற்குப் பணம் கொடுத்தவராயினர்.

இனி மூன்றாவது வினா. ஒப்பந்தத்தின் விவரங்கள் வணிக இரகசியம் என்று மறைக்கப்பட்டிருந்தன. பதினான்கு கழகங்களின் ஆதரவாளர் சங்கங்கள் கூடி, தகவலறியும் சட்டத்தின் துணையை நாடின. பொதுப்பணம் சம்பந்தப்பட்ட ஒப்பந்தத்தை மக்கள் அறிதல் வேண்டும் என்று தீர்ப்பாகி, 2016ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அது முழுமையாக வெளியிடப்பட்டது. அப்பொழுதே காவலாளர் செலவும், புற்றரைப் பராமரிப்பும், கோற்கம்பமும், மூலைக் கொடியுங்கூடப் பொது நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பதை மக்கள் கண்டனர். ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்னும் பழமொழி நமக்கு நினைவு வருகின்றது. பந்தியிற் பரிமாறியவர்கள் தாராளமாகவே பரிமாறியிருந்தனர்.

நகர்த்தும் இருக்கைகளின் கதை இன்னும் சுவையானது. ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சம் பவுணில் இருக்கைகளை நகர்த்தலாம் என்பதே முதற் கணிப்பு. பாரிஸ் நகரத்துப் பேரரங்கில் கீழடுக்கு பின்வாங்கி ஓடுபாதைக்கு இடம் விடுவதைக் கண்டவர்கள், இங்கும் அவ்வாறே நிகழுமென எண்ணியிருக்கலாம். ஆனால், பாரிஸில் அது தொடக்கத்திலேயே வரைபடத்தில் அமைந்த பொறி. இலண்டனிலோ கட்டி முடிந்த கூட்டினுள் பின்னர் புகுத்தியது. சாரக்கட்டுப் போலப் பிரித்துப் பூட்ட வேண்டியது. நாட்கணக்கில் வேலை கொள்வது. 2016ஆம் ஆண்டில் அச்செலவு 80 இலட்சம் பவுணாகிவிட்டதென அறிவிக்கப்பட்டது. இவ்வளவு செய்தும் இடைவெளி முற்றாக நீங்கவில்லை. ஆட்டம் வெகு தொலைவில் நடப்பதாக ஆதரவாளர் குறைகூறினர். ஆடுகளத்தைச் சுற்றி விரிக்கும் கம்பளம் பச்சையோ, கழகத்தின் செந்நிறமோ என்பது பற்றிக்கூடப் பிணக்கு எழுந்து, 2018ஆம் ஆண்டிலேதான் தீர்ந்தது.

இலண்டன் மேயர் சாதிக் கான் பணித்த சுயாதீன ஆய்வு 2017ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. உதைபந்தின் தேவையைத் தொடக்கத்திலேயே எண்ணாதுவிட்டதையும், 2011ஆம் ஆண்டில் முதல் ஏற்பாட்டைக் கைவிட்டபின் பாரம் முழுவதும் பொதுத்துறைமேல் வந்து விழுந்ததையும் அது சுட்டிற்று. அக்காலத்தில் அரங்கு ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு கோடி பவுண் இழப்பை எதிர்நோக்கியிருந்தது.

இலண்டனுக்கு வேறு வழியே இருக்கவில்லையா? இருந்தது, அதே நாட்டில், பத்து ஆண்டுகளுக்கு முன்னரே மன்செஸ்ரர் நகரம் அதைக் காட்டியிருந்தது. 2002ஆம் ஆண்டின் பொதுநலவாய விளையாட்டு விழாவுக்கு அந்நகரம் ஓர் அரங்கைக் கட்டியது. மன்செஸ்ரர் சிற்றி கழகம் விழாவின்பின் அதிலே குடியேறும் என்பது அத்திவாரக் கல் நடுமுன்னரே முடிவாகியிருந்தது. ஆகவே, வரைபடமே இரு பிறவிகளுக்கும் ஏற்றதாக அமைந்தது. விழாவின்போது 38,000 பேருக்கு இடம். ஒரு முனையில் தற்காலிக மேடை. விழா முடிந்ததும் ஓடுபாதையை அகற்றி, நிலத்தைச் சில மீற்றர் ஆழமாகத் தோண்டி, கீழே மேலும் ஓர் அடுக்கு இருக்கையை ஆடுகளத்தின் ஓரம்வரை அமைத்தனர். தற்காலிக மேடையிருந்த இடத்தில் நிலையான மேடை எழுந்தது. 2003ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், 48,000 பேர் அமரத்தக்க உதைபந்துத் திடலாக அது திறக்கப்பட்டது. நகரசபை உடைமையைக் கைவிடவில்லை. பழைய திடல் கொள்ளும் தொகைக்கு மேற்பட்டு விற்கும் அனுமதிச் சீட்டுகளின் வருவாயிலும் பங்கு பெற்றது. மெய்வல்லுநர்க்கோ, அருகே பயிற்சிக்கென அமைத்திருந்த பாதை சிறிய அரங்காக நிலைத்தது. யாருக்கும் பொய்யான வாக்கு கொடுக்கப்படவில்லை. ஆதலால் யாரும் ஏமாறவில்லை.

வேறொரு வழியும் பழங்காலத்தில் இருந்தது. 1948ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விழாவுக்கு இலண்டன் புதிய அரங்கு கட்டவில்லை. முன்னரே இருந்த வெம்பிளி அரங்கில் தற்காலிகமாகக் கரித்தூட் பாதை இட்டது. அந்தப் பாதையிலேதான் நம் நாட்டு டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப்பதக்கம் பெற்றார். 1956ஆம் ஆண்டில் மெல்பேண் நகரம் தன் கிரிக்கெற் மைதானத்தையே மெய்வல்லுநர் அரங்காக்கிப் பின் பழையபடி மாற்றிக்கொண்டது. யாழ்ப்பாணம் தந்த உயரம் பாய்தல் வீரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அங்கே பாய்ந்தார். இருவரும் பங்குபற்றிய பாதைகளும் களங்களும் இன்று இல்லை. அவர்தம் சாதனைகளுக்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை. இரவலாகக் கொண்ட இடத்தில் நடத்திய விழாவும் பெருவிழாவே.

நடுநிலை பிறழாதிருக்க, மறுபக்கத்தையும் கூறல் கடன். இலண்டன் அரங்கு இடிக்கப்படவில்லை, பாழடையவுமில்லை. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் பருவந்தோறும் அங்கே கூடுகின்றனர். கோடையிற் சில வாரங்கள் ஓடுபாதையைப் பயன்படுத்தும் உரிமை பிரித்தானிய மெய்வல்லுநர் சங்கத்துக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு எழுத்தில் உண்டு. 2017ஆம் ஆண்டின் உலகப் போட்டி அங்கேயே நடந்தது. 2024, 2025ஆம் ஆண்டுகளின் கோடைப் போட்டிகளுக்கு ஏறக்குறைய அறுபதினாயிரம் பேர் வந்தனர். உள்ளூர் இளைஞர் ஓடிப் பழகுவதற்கு அரங்கின் அருகே தனியே ஒரு பாதையும் இருக்கின்றது. வாக்கு முற்றாக மீறப்படவில்லை. ஆனால், முதலில் தெளிவாகச் சிந்தித்திருந்தால் இதே பயனை எத்துணை குறைந்த செலவில் அடைந்திருக்கலாம் என்பதே நம் ஏக்கம்.

பெரியதொரு பொதுக் கட்டடத்துக்குக் கல் நடும் எந்த நாட்டினரும் இதிலிருந்து கொள்ளத்தக்கவை சில. முதலாவது, விழாவின் மறுநாள் இங்கே என்ன நடக்கும் என்னும் வினாவுக்கு விடை, வரைபடத்திலேயே இருத்தல் வேண்டும். இரண்டாவது, பேணுவதற்குப் பணமில்லாத ஒன்றைப் பேணுவதாக வாக்களித்தல் ஆகாது. வாக்கின் இனிமை ஒரு நாளைக்கு, அதன் செலவு தொண்ணூற்றொன்பது ஆண்டுக்கு. மூன்றாவது, குத்தகைக்கு வருபவர் பெறும் நன்மைக்கு ஏற்றவாறு செலவிலும் பங்கேற்றல் வேண்டும். அதைக் கட்டடம் எழுமுன் கேட்டாற் கிடைக்கும், எழுந்தபின் கேட்டாற் கிடைப்பது அரிது. நான்காவது, ஒப்பந்தம் முதல் நாளிலேயே மக்கள் பார்வைக்கு வருதல் வேண்டும். பலர் பார்க்கப்போகும் கடிதத்தை எவரும் கவனமாகவே எழுதுவர்.

ஓடுபாதையா, உதைபந்துத் திடலா என்பது அவ்வவ்வூர் மக்களின் விருப்பத்தையும் வசதியையும் பொறுத்தது. இரண்டும் இளைஞரை வளர்ப்பவை, இரண்டும் நல்லவை. எதைத் தேர்ந்தாலும், கணக்கைக் காட்டித் தேர்தல் வேண்டும் என்று கேட்பதற்கு வரி கொடுப்போர் அனைவர்க்கும் உரிமை உண்டு.